தர்சினிக்கு நாம் போட்ட சீருடை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், உற்சாகம் என்னிடம் இருப்பில் இல்லை. பான் நகரில் இந்த அலுவலகத்தின் மாடிப்படியை ஏறி இறங்கியே என் முழங்கால் தேய்ந்தது. வான்தாக்குதல்களில் பொதுமக்கள் இறந்ததைப் பதிவு செய்வது நம்முடைய வேலை. உயிர் தப்பியவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறோம், எழுதுகிறோம், சரிபார்க்கிறோம், விசாரணைக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். பிறகு குண்டு போட்ட அரசாங்கத்திடமிருந்து ஒரு பதில் வருகிறது. அதைப் படித்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதும் நம் வேலைதான். அதற்குத் தனியாகச் சம்பளம் தருவதில்லை.

எந்த நாட்டு அரசாங்கமானாலும் பதில் ஒன்றுதான். முதலில், அன்றைக்கு விமானமே பறக்கவில்லை என்பார்கள். விமானத்தின் படத்தைக் காட்டினால், பறந்தது, ஆனால் குண்டு போடவில்லை என்பார்கள். குண்டு விழுந்த பள்ளத்தைக் காட்டினால், போட்டோம், அது ஆயுததாரிகளின் முகாம் என்பார்கள். செத்த பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தால், அவர்களும் ஆயுததாரிகள்தான் என்பார்கள். முதல் தடவை படிக்கும்போது உங்களுக்கு இரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும், அந்த வயது. ஆனால் நான் இன்று பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. அவர்கள் பொய் சொல்வார்கள் என்று தெரியும், தெரிந்த விஷயத்துக்கு ஆயத்தமாக இருக்கலாம். இத்தனை வருடமும் என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தவர்கள் நம்முடைய ஆட்கள்.

உங்களில் பலர் இங்கே ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் இருவர் ஆஹென் நகருக்குப் பொறியியல் படிக்க வந்து, என்ன பாவம் செய்தீர்களோ, இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்வது விசித்திரமாக இருக்கும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் சாட்சியம் சொல்ல வந்தார். அவருடைய வீட்டின் மேல் குண்டு விழுந்தது உண்மை, அவருடைய தகப்பனார் இறந்தது உண்மை. ஆனால் வந்தது ஒரு விமானம், அவர் இரண்டு என்று சொன்னார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டபோது, ஒரு விமானம் எண்டால் ஆர் நம்பப் போகினம் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். எதிர்த்தரப்பு அந்த இரண்டாவது விமானத்தைப் பிடித்துக்கொண்டு முதலாவதையும் இல்லாமல் செய்துவிட்டது. உள்ளது உள்ளபடி சொன்னால் போதாது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. துக்கத்துக்கும் கொஞ்சம் சோடனை செய்தால்தான் சபையில் வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

அந்தச் சோடனை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தவமணி அக்காவின் விஷயத்தில்தான் கண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தவமணி அக்கா டோர்ட்மண்ட் நகரில் இருப்பவர். மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் தர்சினி வன்னியில் ஒரு ரியூசன் கொட்டிலில் இறந்தாள். கொட்டில் என்றால் இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியாது: நாலு தடி நட்டு, மேலே தென்னங்கிடுகு வேய்ந்து, கீழே உட்காரப் பலகை வாங்கு போட்ட இடம். பள்ளிக்கூடம் முடிந்ததும் பிள்ளைகள் அங்கேதான் காசு கொடுத்துப் படிப்பார்கள். சண்டை நடந்தாலும் ரியூசன் நிற்காது, அது நம் ஆட்களின் குணம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தபோது விமானம் வந்தது. ஆசிரியரும் பிள்ளைகளில் பெரும்பாலானோரும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள்.

அரசாங்கம் அதைப் பயிற்சி முகாம் என்று அறிவித்தது. வருடக்கணக்கில் அதுதான் அதிகாரபூர்வமான கதையாக இருந்தது. பிறகு ஒரு சர்வதேச விசாரணைக் குழு பழைய வான்தாக்குதல்களைத் திரும்ப எடுத்துப் பார்க்க முன்வந்தது. அந்தக் கொட்டிலில் இறந்தவர்களின் கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது, என் மேசைக்கு வந்தது. உயிர் தப்பிய இரண்டு பிள்ளைகள், இப்போது கனடாவிலும் இலண்டனிலும் நடுவயதுக்காரர்கள், ஒரே மாதிரிச் சாட்சியம் சொன்னார்கள். தவமணி அக்கா மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அன்று காலை அவள் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனாள் என்பதைப் பற்றியும் சொன்னார். ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவ்வளவு சுத்தமான கோப்பு என் கையில் வந்ததில்லை. கண் திருஷ்டி பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

அரசாங்கத்தின் பதில் வந்தது. கூடவே ஒரு வர்ணப் படம் இணைத்திருந்தார்கள். டோர்ட்மண்டில் வருடாவருடம் நடக்கும் அஞ்சலிக் கூட்டத்துக்கு அச்சடித்த சுவரொட்டி அது, இணையத்திலிருந்து எடுத்திருந்தார்கள். வரிசை வரிசையாக முகங்கள். இரண்டாம் வரிசையில் தர்சினி, போராளிகள் அணியும் வரி உடையில், கழுத்துவரை பொத்தான் பூட்டி நிற்கிறாள். கீழே வீரமங்கை தர்சினி என்று சிவப்பு எழுத்து. அரசாங்கம் அதிகம் எழுதவில்லை. இறந்தவர்கள் யார் என்பதை அவர்களுடைய சொந்த மக்களே கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள், இதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல இருக்கிறது என்ற தோரணையில் முடித்திருந்தார்கள்.

 அவர்கள் மேல் கோபம் வரவில்லை என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. அவர்கள் எதையும் புனையவில்லை. நாம் புனைந்து கொடுத்ததை மடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

இப்படி ஒரு படம் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். எந்தத் தரப்பின் கூட்டத்துக்கும் மாலை போடும் சடங்குக்கும் நாங்கள் போகக் கூடாது என்பது அப்போது அலுவலக விதி. நல்ல விதிதான். சாட்சியம் எழுதுகிறவர் மேடையில் விளக்கேற்றிக்கொண்டு நின்றால் அவர் எழுதியதை யார் மதிப்பார்கள்? ஆனால் விதியைக் காப்பாற்றிய நேரத்தில் அந்தச் சுவரொட்டி ஊர் முழுக்கத் தொங்கியிருக்கிறது.

எங்கள் தலைவி ஒரு ஜெர்மன் பெண்மணி. பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் சண்டை போட்டுக் கற்றது. அவர் படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், தர்சினியின் பெயரைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். மற்றப் பிள்ளைகளின் ஆதாரம் பலமாக இருக்கிறது, ஒரு பெயருக்காக முழுக் கோப்பையும் இழக்க முடியாது, விசாரணைக் குழுவுக்குப் பதில் அனுப்ப இருக்கும் காலமும் குறைவு என்றார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

நான் மாட்டேன் என்றேன். அவளுடைய பெயரை நாங்களே எடுத்தால், அவள் போராளி என்று நாங்களே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அந்த வாங்கில் ஒரு போராளி இருந்தாள் என்றால் பக்கத்து வாங்கில் இருந்தவள் யார் என்று கேட்பார்கள், கணக்குப் படிப்பித்தவர் யார் என்று கேட்பார்கள். கடைசியில் கொட்டில் முகாமாகிவிடும். அதைவிட, தவமணி அக்காவிடம் போய் உங்கள் மகள் இறந்ததைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? தலைவி நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, அந்தப் படத்தைச் செய்தவர் தன் பெயரில், தன் கையால், என்ன செய்தேன் என்று எழுதித் தரட்டும், அது ஒரு வாரத்துக்குள் வந்தால் அவள் இருப்பாள், வராவிட்டால் அடுத்த நாள் காலை பெயரை எடுத்துவிடுவேன் என்றார். அவர் சொன்னால் செய்வார்.

அந்தப் படத்தைச் செய்தவர் குலம் அண்ணை. டோர்ட்மண்டில் அச்சுக்கடை வைத்திருப்பவர், அஞ்சலிக் கூட்டத்தின் தலைவரும் அவர்தான். நல்ல மனிதர். அகதியாக வந்தவர்களுக்கு மொழி தெரியாத காலத்தில் எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர், கூலி வாங்கியதில்லை. தொலைபேசியில் கேட்டபோது, சுவரொட்டி விஷயம் என்றதும் கடையில் ஆட்கள் நிற்கினம், பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை. சந்திக்க நேரம் குறித்து டெர்மின் கேட்டு ஆள் அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. கடைசி நாளன்று நானே ரயிலேறினேன். ரயில் வழக்கம்போலப் பிந்தியது, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு வீடு போக முடியாது.

டோர்ட்மண்டில் இறங்கினால் குலம் அண்ணையின் தெருவுக்குப் போக வழியில்லை. தடுப்புப் போட்டுப் பொலிஸ் நிற்கிறது. பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்தில் உலகப்போர்க் குண்டு ஒன்று வெடிக்காமல் கிடைத்திருக்கிறது. அந்த ஊரில் இது புதினமில்லை, வருடத்தில் எத்தனை முறை நடக்கிறதோ. சுற்றுவட்டாரத்து ஆட்கள் எல்லோரையும் எழுப்பி ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் இருத்தியிருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் சாமான் வாங்கப் போக முடியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், நாய்கள் குரைத்தன, தொண்டர்கள் தேநீர் ஊற்றினார்கள். சுவரோரம் நீண்ட வாங்கில் குலம் அண்ணை இருந்தார். அவருக்குப் பக்கத்தில் தவமணி அக்கா, மடியில் ஒரு கைப்பை. அவருடைய வீடும் அதே வட்டாரத்தில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்னைக் கண்டதும் குலம் அண்ணையின் முகம் சுருங்கியது. எழுந்து போக அவருக்கும் இடமில்லை, வெளியே குண்டு.

சற்று நேரத்துக்கு ஒருமுறை மாநகரசபை ஆள் ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார். குண்டின் எடை, எந்த நாட்டுத் தயாரிப்பு, எந்த வகைத் திரி, எத்தனை மணிக்குச் செயலிழக்கச் செய்வார்கள். எல்லாம் துல்லியமாக. எண்பது வருடத்துக்கு முன் விழுந்த குண்டு அது. யார் போட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, யாரும் மறுக்கவில்லை, போட்ட நாடும் இன்றைக்குச் சிநேகிதம். எனக்கு வந்த எரிச்சலில் தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. நம்முடைய குண்டுகளுக்கு மட்டும் தாயுமில்லை, தகப்பனுமில்லை. அவை தானாக வானத்திலிருந்து முளைத்து, முகாம்களை மட்டும் தேடிப் போய் விழுகின்றன.

அரசாங்கம் சுவரொட்டியை ஆதாரமாக்கிய விஷயம் தவமணி அக்காவுக்கு அதுவரை தெரியாது. அந்த இடத்தில், நாய்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில், நான்தான் அவருக்குச் சொன்னேன். அரசாங்கம் என்ன எழுதியிருக்கிறது, எதை இணைத்திருக்கிறது, நாளைக் காலையில் என்ன நடக்கும் என்று மறைக்காமல் சொன்னேன். ஒரு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்கிறேன் என்று பாதியை விழுங்கிவிடாதீர்கள். கேட்கிறவர்களுக்குத் தாங்கும் சக்தி நம்மைவிட அதிகம், அவர்கள் ஏற்கெனவே ஒருதரம் கேட்டவர்கள். அவர் கேட்டுக்கொண்டே கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

குலம் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். தர்சினியின் படம் என்று தவமணி அக்கா அவரிடம் கொடுத்தது பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் எடுத்த ஒரு சின்னப் படம். சுவரொட்டியில் மற்ற எல்லோரும் வரி உடையில் இருந்தார்கள். இவளை மட்டும் வெள்ளை உடுப்பில் ஒரு மூலையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. முகத்தை வெட்டி, கணினியில் இருந்த ஒரு உடம்பின் மேல் பொருத்தினார். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. வரிசை ஒரே மாதிரி இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அவர் அதைச் சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, சும்மா செத்தது எண்டு போட எனக்கு மனம் ஏவேல்லை" என்றார்.

 திட்டலாம் என்று போனேன். திட்டுவதற்கு நல்ல நல்ல சொற்களாக ரயிலில் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தவில்லை. அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. பிள்ளையை மூலையில் விடக்கூடாது என்று நினைத்தார்.

ஆனாலும் எழுதித் தர முடியாது என்றார். உண்மையாகவே பிள்ளைகளைச் சண்டையில் கொடுத்த தாய் தகப்பன் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள், அவர்கள் முன்னால் போய் நான் ஒட்டு வேலை செய்தேன் என்று எப்படிச் சொல்வது என்றார். அவர்களுடைய பிள்ளைகளின் மரியாதைக்கே இழுக்கு என்றார். அதோடு, இதை எழுதிக் கொடுத்தால் ஜெர்மனியிலிருந்து வரும் படம் எல்லாமே ஒட்டு வேலை என்று அரசாங்கம் சொல்லாதா என்று கேட்டார். சரியான கேள்வி. சொல்லும் என்றேன். எழுதினால் அதைச் சொல்லும், எழுதாவிட்டால் இதைச் சொல்லும். எதைச் செய்தாலும் அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்த்துப் பார்த்து நாம் நடக்கத் தொடங்கினால் கடைசியில் நம்முடைய வாயிலும் அவர்களுடைய பேச்சுத்தான் இருக்கும். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நம்முடைய பிழையை நாம் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவர்கள் முந்திவிட்டார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இதுதான் என்னிடம் இருந்த ஒரே நியாயம். குலம் அண்ணை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஓம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

அப்போது தவமணி அக்கா கைப்பையைத் திறந்தார். வீட்டை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது முக்கியமானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கடவுச்சீட்டு இருந்தது, பிரஷருக்கு விழுங்கும் குளிசை இருந்தது, ஒரு பழைய தாளில் சுற்றித் தர்சினியின் அந்தச் சின்னப் படம் இருந்தது. வெள்ளை உடுப்பு, கழுத்தில் ரை, இரட்டைப் பின்னல், சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். நெற்றியில் சந்தனம் வைத்த தடம் படத்துக்கு மேல் போட்டிருந்த கண்ணாடித்தாளில் மஞ்சளாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் விளக்கு வைப்பது இந்தப் படத்துக்குத்தான் என்று தெரிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டார்.

குலம் அண்ணை அதைப் பார்த்தார். சட்டம் போட்டுப் பெரிதாக நான் தந்த படம் எங்கே அக்கா என்று கேட்டார். வரி உடைப் படத்தை அவர் தன் செலவில் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தாராம்.

"அது அலுமாரிக்குள்ள, சீலையளுக்குப் பின்னால கிடக்கு" என்றார் தவமணி அக்கா. "நீங்கள் ஆராவது வீட்டை வாற நாளில எடுத்து மாட்டுவன். நீங்கள் போனாப்பிறகு கழட்டி வைப்பன்."

இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள் என்றால் இந்தத் தாய் கதிரை போட்டு ஏறி, மகளை மாற்றி மாட்டியிருக்கிறார். வந்தவர்கள் அந்தப் படத்தைக் கும்பிட்டு, நீங்கள் குடுத்து வைத்த தாய் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போயிருக்கிறார்கள். குலம் அண்ணை, ஏன் அக்கா ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

"அவங்கள் பொய் சொன்னா எனக்குக் கோபம் வரும் தம்பி, வாய்விட்டுக் கத்துவன். நீங்கள் பூப்போட்டுக் கும்பிட்டுச் சொல்லேக்கை நான் ஆரிட்டைப் போய்க் கத்துறது?" என்றார் தவமணி அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "என்ர பிள்ளை சும்மா சாகேல்லை. கணக்குச் சோதினைக்குப் பயந்து, ஒரு நாள் ரியூசனும் விடாமப் போய்ச் செத்தவள். அதைப் போடுங்கோ."

எங்களுக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார்கள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. ஆட்கள் நாயையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு நெருக்கியடித்தார்கள். நாங்கள் மூவரும் எழும்பவில்லை. குலம் அண்ணை சட்டைப் பையில் பேனையைத் தேடினார். தாள் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

எப்படி எழுதுவது என்றும் கேட்டார். என்ன செய்தீர்களோ அதை எழுதுங்கள், ஏன் செய்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள், விசாரணைக் குழுவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றேன். அவர் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். இலட்சியம், தியாகம் என்று கை பழக்கத்தில் வந்த சொற்களையெல்லாம் நான் வெட்டச் சொன்னேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு வெட்டினார். மண்டபத்தைக் கூட்ட வந்த ஆள் எங்களைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார். எழுதி முடித்துவிட்டு, இதை நீங்கள் அனுப்புங்கள், ஆனால் எங்கள் ஆட்களுக்கு இதை நான்தான் சொல்ல வேண்டும், வேறு வாயால் அவர்கள் கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார். அது அவருடைய உரிமை. சரி என்றேன். அன்றே மொழிபெயர்த்து அனுப்பினேன். தலைவி படித்துவிட்டுக் கோப்பில் சேர்த்தார், தர்சினியின் பெயரும் இருந்த இடத்தில் இருந்தது.

அரசாங்கம் என்ன சொல்லும் என்று நினைத்தோமோ அதையே சொன்னது. ஜெர்மனியில் தயாராகும் ஆவணங்கள் நம்பத் தகாதவை என்பதைத் தயாரித்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றது. நேற்றுவரை அதே சுவரொட்டியை நம்பகமான ஆதாரம் என்று தூக்கிப் பிடித்தவர்கள் என்பதை அவர்களுக்கு யார் நினைவூட்டுவது? விசாரணைக் குழு நினைவூட்டியது, அதன் பாணியில், ஒரு அடிக்குறிப்பில். கொட்டிலில் இறந்தவர்களின் பெயர்கள் அறிக்கையில் பொதுமக்களாக வந்தன. தர்சினியின் பெயருக்கு நேரே மாணவி என்று இருந்தது. தாக்குதலுக்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில் இரு தரப்பின் கூற்றுகளும் வேறுபடுகின்றன என்று எழுதி முடித்துவிட்டார்கள். எத்தனை வருட வேலை, எத்தனை பேருடைய தூக்கம், கடைசியில் கூற்றுகள் வேறுபடுகின்றனவாம். இதற்குப் பழகிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பழகவில்லை.

அடுத்த அஞ்சலிக் கூட்டம் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். விதி என்னைக் கட்டாது என்று போனேன். குலம் அண்ணை மேடையேறி, பேச்சு அது இது என்று இழுக்காமல், தர்சினிக்கு அந்த உடுப்பைப் போட்டது நான், அவள் படித்துக்கொண்டிருந்த பிள்ளை என்று சொன்னார். பின்னால் திரும்பி, சுவரொட்டியில் அவளுடைய இடத்தில் வெள்ளை உடுப்புப் படத்தைத் தன் கையால் ஒட்டினார். கூட்டத்தில் சிலர் எழுந்து போனார்கள். ஒரு பெரியவர், உண்மையாகவே இரண்டு மகன்களைச் சண்டையில் இழந்தவர், முன்வரிசையில் இருந்தபடியே இதை இஞ்ச சொல்ல வேணுமோ என்று கேட்டார். குலம் அண்ணை வேணும் ஐயா என்றார். அந்தப் பெரியவர் எழுந்து போகவில்லை. தவமணி அக்கா போய் விளக்கேற்றிவிட்டு, படத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கூட்டம் முடிந்து, எல்லோரும் கோட்டு மாட்டும் இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றோம். எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, என் வயது இருக்கும், என் கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். சுவரொட்டியில் முதல் வரிசையில், வரி உடையில், மீசை அரும்பிய ஒரு பையன் இருந்தான். அவனைக் கண்ணால் காட்டினார்.

"அது என்ர மகன், அக்கா. கடைக்குப் பாண் வாங்கப் போனவன்."

வேலை நேரமானால் பேனையை எடுத்திருப்பேன். நான் ஓய்வு பெற்றவள், என் கையில் கோட்டு மட்டும்தான் இருந்தது. இந்த அலுவலகத்தின் முகவரியைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், கோட்டை மாட்டாமல் கையில் வைத்தபடி, தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

மூன்று பேரும் வருகிற திங்கட்கிழமை உங்களிடம் வருகிறார்கள்.